யாழ்ப்பாணத்துத் தேனீயை முதலில் அளந்து பாருங்கள்

வடக்கில் வாழ்வாதார உதவியாகத் தேனீப் பெட்டி வழங்கும் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

நான் தென்மராட்சியில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். வீட்டு வளவில் சில தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறேன். அடுத்த சுற்றுப் பெட்டிகளுக்கு விலைமனு கோரப்போகிறார்கள் என்று ஊரில் கதை அடிபடுகிறது. பெட்டி கொழும்புப் பக்கமிருந்தும் கூட்டங்கள் மலைநாட்டிலிருந்தும் வரும் என்றும் சொல்கிறார்கள். கையெழுத்து விழுவதற்கு முன்னர் ஒரு விடயத்தை உங்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஊருக்கு ஊர் தேனீயின் உடம்பு மாறும். சிறகின் நீளம், நாக்கின் நீளம், காலின் நீளம், வயிற்று வளையங்களின் அகலம், நிறம் எல்லாமே மாறும். ஆகவே பெட்டிக்கு அளவு எழுத முன்னர், அதற்குள் குடியிருக்கப் போகிற பூச்சியை அளந்து பாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன், எப்படி என்பது பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு திட்டத்தில் கொடுத்த பெட்டிகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். யார் கொடுத்தது என்பது இங்கே வேண்டாம். பெயரைப் போட்டால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே நின்றுவிடும். பயனாளிகள் பெரும்பாலும் குடும்பத்தைத் தனியே சுமக்கிற பெண்கள். ஒரு நாள் பயிற்சி, ஆளுக்கொரு பெட்டி, உள்ளே ஒரு கூட்டம், ஒரு புகைமூட்டி. கொடுக்கும்போது படமும் எடுத்தார்கள். பெட்டியைக் குறை சொல்ல முடியாது, நல்ல பலகை, நேர்த்தியான வேலை, தகர மூடி.

பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் ஒரு நாள் வந்து, "சேர், சட்டம் ஒண்டும் கழருதில்லை, பூட்டுப் போட்ட மாதிரி நிக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். போய் மூடியைத் தூக்கினேன். வதை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டங்கள் வரிசையாகத்தான் இருந்தன. வதைகள் அந்த வரிசையை மதிக்கவேயில்லை. ஒரு வதை முதலாம் சட்டத்தில் தொடங்கிச் சரிவாகப் போய் இரண்டாம் சட்டத்தில் முடிந்திருந்தது. இரண்டுக்கும் இடையில் விரலளவு வதையொன்று தனியாகக் கட்டப்பட்டு, அது இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது. ஒரு சட்டத்தைத் தூக்கினால் அடுத்ததும் கூட வந்தது. கத்தியால் அறுத்தபோது தேன் அடிப்பலகைக்கு வழிந்தது, மூடியிட்ட புழு அறைகள் பிளந்து வெள்ளைப் புழுக்கள் வெளியே விழுந்தன. ஐந்து நிமிடம் செல்ல முன்னர் சிற்றெறும்பு வரிசை பெட்டிக் காலில் ஏறத் தொடங்கிவிட்டது. அந்த அக்கா தேன் வழிவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

பள்ளிக்கூடத்து அடிமட்டத்தை எடுத்துச் சட்டங்களின் இடைவெளியை அளந்தேன். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 35 மில்லிமீற்றர். பெட்டி செய்கிற யாருக்குமே பழக்கமான எண் அது: ஐரோப்பியத் தேனீக்கு உலகமெங்கும் வைக்கிற இடைவெளி. எங்கள் பொந்துத் தேனீ, தன் பாட்டுக்கு மரப்பொந்தில் கட்டும் வதைகளுக்கு இடையில் வைப்பது 30 முதல் 32 மில்லிமீற்றர் வரைதான்.

மூன்று, நான்கு மில்லிமீற்றருக்கு இத்தனை கூத்தா என்று நீங்கள் கேட்கலாம். தேனீக்கு அது பெரிய தொகை. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ரொத் என்ற பாதிரியார் கவனித்த விடயம்தான் இன்று நாம் கழற்றிப் பூட்டும் எல்லாப் பெட்டிக்கும் அடிப்படை. தேனீக்கள் தாம் உரசாமல் போய்வரும் அளவு வெளியை மட்டும் வழியாக விடும். ஐரோப்பியத் தேனீக்கு அந்த வெளி ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீற்றர் வரை. அதைவிடக் கூடினால் வீண் வெளி என்று மெழுகால் நிரப்பிவிடும். அந்த வெளியின் அளவைத் தீர்மானிப்பது தேனீயின் நெஞ்சுத் தடிப்பு. வதையின் தடிப்பைத் தீர்மானிப்பதும் உடம்புதான்: புழு வளரும் அறையின் ஆழம் வளரப்போகும் தேனீயின் நீளத்துக்கு ஏற்றது. ஐரோப்பியத் தேனீயின் புழு வதை ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் தடிப்பு. எங்களுடையது 20ஐச் சற்றுத் தாண்டும். வதையும் மெல்லியது, வழியும் ஒடுக்கமானது. இரண்டையும் கூட்டினால் அந்த மூன்று, நான்கு மில்லிமீற்றர் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கியபின் அந்தத் திட்டத்துக் கூட்டங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. விட்டுப்போன வதைகளில் மெழுகுப்பூச்சி குடியேறியது. ஒரு பெட்டியில் இப்போது கோழி அடை கிடக்கிறது. அளவு மட்டும்தான் காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். வெயில், தண்ணீர்க் குறைவு, பூ இல்லாத மாதங்கள், எறும்பு எல்லாம் சேர்ந்த கதை அது. பூ குறைந்தால் இடம் பெயர்வது இந்தத் தேனீயின் குணமும்கூட. ஆனால் சட்டத்தைத் தூக்கவே முடியாத பெட்டியில் இவற்றில் எதைத்தான் கவனிப்பது? "பயனாளிகளின் பராமரிப்புப் போதாது" என்று பிறகு கடதாசியில் எழுதினார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வசனத்தைப் படித்தால் அந்த அக்கா என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அச்சில் ஏற்ற முடியாததாகத்தான் இருக்கும்.

இனி உடம்பு விடயத்துக்கு வருகிறேன். இதை நான் இரவோடு இரவாகக் கண்டுபிடிக்கவில்லை, நூறு வருடத்துக்கு மேலாக ஆட்கள் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ரஷ்யாவில் அல்பதோவ் என்பவர் வடக்கிலிருந்து தெற்காகத் தேனீக்களை அளந்து 1929இல் வெளியிட்டார். வடக்கே உடம்பு பெரிது, நாக்கும் காலும் ஒப்பளவில் குட்டை. தெற்கே வர வர உடம்பு சிறுக்கிறது, நாக்கு நீள்கிறது. அந்த மாற்றம் வேலி போட்டதுபோல் ஓரிடத்தில் சட்டென்று நிகழவில்லை, படிப்படியாகச் சரிந்துகொண்டு போனது. கோக்கசஸ் மலைத் தேனீயின் நாக்கு 7 மில்லிமீற்றரைத் தாண்டும், ஐரோப்பாவின் வடக்குக் கறுப்புத் தேனீயின் நாக்கு 6 மில்லிமீற்றரைச் சுற்றி நிற்கும். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம்தான். ஆனால் குழாய் போன்ற ஆழமான பூவின் அடியில் இருக்கும் தேனை எட்டுகிறதா இல்லையா என்பதை அந்த ஒரு மில்லிமீற்றர்தான் தீர்மானிக்கிறது. செங்குளோவர் என்ற கால்நடைத் தீவனப் பயிரில் விதை பிடிக்கவைக்க ரஷ்யர்கள் நாக்கு நீண்ட தேனீயைத் தேடியதற்கும் காரணம் அதுதான்.

அது ஐரோப்பியத் தேனீயின் கதை. எங்கள் பொந்துத் தேனீ வேறு இனம். விஞ்ஞானப் பெயர் ஏப்பிஸ் செரானா. ஆப்கானிஸ்தானிலிருந்து யப்பான் வரை, ரஷ்யாவின் தூரகிழக்குக் குளிரிலிருந்து இந்தோனேசியாவின் வெக்கை வரை பரந்து வாழ்கிறது. இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் ஒரே அளவு உடம்போடு இருக்க முடியாது. காஷ்மீர்ப் பக்கத்துச் செரானாவின் முன்சிறகு எட்டரை மில்லிமீற்றர் அளவில் இருக்கும், தென்னிந்தியச் சமவெளியில் அது ஏறத்தாழ ஏழரை. காஷ்மீரில் நாக்கு 5 மில்லிமீற்றரைத் தாண்டும், தெற்குச் சமவெளியில் ஐந்தை எட்டாது. அங்கே உடம்பு கருமை கூடியது, இங்கே மஞ்சள் கூடியது. குளிரில் வாழும் தேனீ பறக்க முன்னர் தன் நெஞ்சுத் தசையை நடுக்கிச் சூடேற்ற வேண்டும். பெரிய உடம்பு அந்தச் சூட்டைக் கூடநேரம் பிடித்து வைத்திருக்கும், சிறிய உடம்பு சீக்கிரம் விட்டுவிடும். வெக்கை நிலத்தில் சீக்கிரம் விடுவதுதான் நன்மை. உயரத்தோடும் இதே போக்குத்தான்: மலை ஏற ஏற உடம்பு பெருக்கும்.

ஜேர்மனியில் பிரெட்ரிக் ருட்னர் என்பவர் உலகெங்குமிருந்து தேனீ மாதிரிகளைச் சேர்த்து, ஒரு தேனீக்குச் சுமார் 40 அளவுகள் எடுத்து, 1988இல் செரானாவை நான்கு துணையினங்களாகப் பிரித்தார். தென்னாசியாவின் தெற்குத் தேனீ அதில் இண்டிகா. பிறகு 2010இல் தென்னாபிரிக்காவைச் சேர்ந்த ராட்லொவ், ஹெப்பர்ன் முதலியோர் இன்னும் பரவலாக மாதிரி எடுத்து, உடலளவை வைத்து ஆறு குழுக்களாகப் பிரித்தார்கள். இலங்கைத் தேனீ அதில் இந்தியச் சமவெளிக் குழுவில் வருகிறது. எல்லைகளை எங்கே போடுவது என்பதில் அவர்களுக்குள் இழுபறி உண்டு. உடம்பு இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

படிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த கரையில் இதைத் தச்சு வேலையாகவே செய்து முடித்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் என்ற பாதிரியார், மேல்நாட்டுப் பெட்டி நம்மூர்த் தேனீக்குப் பெரிது என்று கண்டு, சிறிய பெட்டியொன்றை வடிவமைத்தார். இன்றும் தமிழ்நாட்டில் நியூட்டன் பெட்டி என்ற பெயர் வாழ்கிறது. பின்னர் இந்தியா தரநிர்ணயம் செய்தபோது செரானாவுக்கு ஒரே பெட்டியை வைக்கவில்லை. சமவெளிச் சிறிய தேனீக்கு ஏ வகை, அதன் சட்டம் உட்புறம் 210க்கு 145 மில்லிமீற்றர். மலைப் பெரிய தேனீக்கு பி வகை, அது 230க்கு 165. ஒரே நாடு, ஒரே இனம், இரண்டு பெட்டி. தேனீ வதை கட்டுவதற்கு அடிப்படையாகச் சட்டத்தில் பொருத்தும் மெழுகு அடித்தாளுக்கும் அப்படித்தான், வடக்கே அறை பெரிது, தெற்கே சிறிது. இந்தச் சிறிய யோசனை எங்கள் விலைமனுக்களுக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது என்பதுதான் எனக்கு விளங்காதது.

அடித்தாளைச் சொன்னதால் இன்னொன்று. ஐரோப்பியத் தேனீக்கான அடித்தாளில் ஓர் அறையின் அகலம் 5.4 மில்லிமீற்றர் மட்டில். எங்கள் வதையில் பத்து அறையை ஒரே வரியில் அளந்தால் நாலரைச் சென்ரிமீற்றரைத் தொடாது. அந்தத் தாளைக் கொடுத்தால் எங்கள் தேனீ அதைக் கடித்துக் குதறிவிட்டுத் தன் அளவுக்கு மேலே கட்டும், அல்லது திரும்பியும் பாராது. இராணியைக் கீழ் அறையில் மறித்து வைக்கும் தகடும் இப்படித்தான். ஐரோப்பிய இராணிக்காக வெட்டிய துவாரம் 4 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். எங்கள் இராணி அதற்குள்ளால் தாராளமாகப் போய்வருவாள். தேன் அறையில் முட்டை இட்டு வைத்திருப்பாள், தேன் எடுக்கப்போனவர் புழுவையும் சேர்த்துப் பிழிந்து வைப்பார். விற்கப்போனால் யார் வாங்குவது?

இப்போது நீங்கள் சொல்லக்கூடிய பதிலுக்கு வருகிறேன். "மலைநாட்டுப் பண்டாரவளைத் தேனீயும் செரானாதான், யாழ்ப்பாணத்துத் தேனீயும் செரானாதான். ஒரே தீவு. நீங்களே சொன்னபடி ஆய்வாளர்கள் ஒரே குழுவில் போட்டுவிட்டார்கள். ஐரோப்பியத் தேனீயை யார் கொண்டுவரச் சொன்னது?" நியாயமான கேள்வி. பெட்டி அளவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய இடைவெளி வைத்த பெட்டியைச் செரானாவுக்குக் கொடுக்காதீர்கள் என்பதை எந்த ஆய்வும் செய்யாமலே நாளைக்கே ஏற்றுக்கொள்ளலாம். அதில் விவாதம் இல்லை. மலைநாட்டுக் கூட்டம் பொருந்துமா என்பதுதான் அளந்து பார்க்க வேண்டியது.

ஒரு கண்டம் முழுவதையும் ஒரு படத்தில் போட்டு ஆறாகப் பிரிக்கும்போது, ஒரு குழுவுக்குள் இருக்கும் சரிவுகள் கண்ணில் படாது. பண்டாரவளை ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து பத்து மீற்றரைத் தாண்டாது. உயரம் மட்டுமே ஏழெட்டுப் பாகை வெப்ப வித்தியாசத்தைத் தரும். அங்கே தேயிலை மலைச் சாரலில் மழை ஆண்டில் இரண்டு பருவமாகப் பரவிப் பெய்யும். எங்களுக்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடையோடு கொட்டித் தீர்த்துவிட்டுப் பிறகு காய்ச்சல்தான். தை பிறந்து மழை ஓய்ந்ததும் முருங்கை பூக்கும், பங்குனி சித்திரையில் வேம்பு. தென்னை ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். ஆண்பனைப் பாளை மகரந்தத்தைக் கொட்டும். இவை எல்லாம் பெரும்பாலும் ஆழமில்லாத, திறந்த பூக்கள். பிறகு சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்றும் புழுதியும் வெக்கையும். அந்த நேரத்தில் தேனீ செய்கிற பெரிய வேலை தேன் சேர்ப்பது இல்லை, கூட்டைக் குளிர வைப்பது. புழு இருக்கும் இடத்தை 34, 35 பாகையில் வைத்திருக்க வேண்டும், வெளியே அதே சூடு. கிணற்றடியில் வரிசையாக வந்து தண்ணீர் எடுத்துப்போய் வதையில் துளித்துளியாக வைத்துச் சிறகால் விசிறும். எங்கள் கிணற்றுத் தொட்டி விளிம்பில் அவற்றுக்காகக் கொஞ்சம் சணல் சாக்கு நனைத்துப் போட்டிருக்கிறேன், அல்லது வாளிக்குள் விழுந்து சாகும்.

இந்தச் சூழலில் தலைமுறை தலைமுறையாக நின்று பிடித்த கூட்டத்துக்கும், குளிர் மலையில் பெருக்கிய கூட்டத்துக்கும் உடம்பில் ஏதாவது வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது மூடநம்பிக்கை இல்லை. தென்னிந்தியாவில் மலைக் கறுப்புத் தேனீயும் சமவெளி மஞ்சள் தேனீயும் வெகுகாலமாக வளர்ப்பவர்களுக்குத் தெரிந்தவை. 2006இல் ஒல்ட்ராய்டும் சகாக்களும் அவை இரண்டும் தமக்குள் கலப்பதில்லை என்பதற்கு மரபணு ஆதாரம் காட்டினார்கள். 2022இல் கேரளத்து ஆய்வாளர்கள் ஒருபடி மேலே போய், மேற்குத்தொடர்ச்சி மலைக் கறுப்புத் தேனீ தனி இனமே என்று சிறகு நரம்பின் அளவை முன்வைத்து எழுதினார்கள். ஏப்பிஸ் கரிஞ்ஞொடியன் என்று பெயரும் வைத்தார்கள். தனி இனமா இல்லையா என்ற வழக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்களுக்குப் பயன்படுவது அந்த முறை: வளர்ப்பவன் கண்ணால் கண்ட வித்தியாசத்தை எடுத்து, சிறகை அளந்து, இலக்கமாக வைத்தார்கள்.

சிறகை அளப்பது பெரிய ஆய்வுகூட வேலை என்று நினைக்கவேண்டாம். தேனீயின் உடம்பில் அளக்கச் சுகமானது சிறகுதான். கூட்டுப்புழு தேனீயாக வெளியே வந்தபின் சிறகு வளராது, சுருங்காது. வயிறு அப்படி இல்லை, குடித்த தேனுக்கு ஏற்ப நீளும். ஒரு கூட்டிலிருந்து இருபது வேலைக்காரத் தேனீ போதும். மதுசாரத்தில் போட்டு வைக்கலாம். வலப்பக்க முன்சிறகை அடியோடு மெல்லப் பிடுங்கி, இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்தால் படம்போலப் படிந்துவிடும். கடதாசி படியெடுக்கிற சாதாரண ஸ்கேனரில் கூடிய தெளிவில் வைத்தால் நரம்புகள் அத்தனையும் தெரியும். நரம்புகள் சந்திக்கிற 19 புள்ளிகளைக் குறித்து, அவற்றின் ஒழுங்கை ஒப்பிடுவதுதான் இன்று ஆய்வாளர்கள் உலகமெங்கும் செய்கிற முறை. அதற்கான மென்பொருள்கள் இலவசம்.

என் மாணவர்களுக்கு நான் இதைப் பழைய முறையில், நுணுக்குக்காட்டியின் கீழ் காட்டுவதுண்டு. முன்சிறகின் நடுவில் நரம்புகள் சில அறைகளைக் கட்டியிருக்கும். அவற்றில் ஓர் அறையின் கீழ் நரம்பில் இன்னொரு நரம்பு வந்து முட்டி, அதை ஒரு நீளத் துண்டாகவும் ஒரு குட்டைத் துண்டாகவும் பிரிக்கும். நீளத்தைக் குட்டையால் வகுத்தால் வரும் எண் இனத்துக்கு இனம், ஊருக்கு ஊர் மாறும். எங்கள் செரானாவில் அது ஐரோப்பியத் தேனீயைவிடக் கூட. பின்சிறகைத் திருப்பினால் விளிம்பில் வரிசையாகக் குட்டிக் கொக்கிகள். பறக்கும்போது முன்சிறகோடு பின்சிறகைக் கொளுவி ஒரே சிறகாக்குவது அவைதான். அந்தக் கொக்கிகளின் எண்ணிக்கையையும் எண்ணலாம். அதே பின்சிறகில் நடு நரம்பு முடிகிற இடத்தில் வால்போல ஒரு சின்ன நரம்பு நீண்டிருக்கும். ஐரோப்பியத் தேனீக்கு அந்த வால் இல்லை. முதல் தடவை பார்க்கிற பெடியன்கள் தங்கள் வீட்டு வேப்பமரப் பொந்துத் தேனீக்கு இப்படியொரு அடையாளம் இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பவே மாட்டார்கள். பரீட்சைக்கு வராது என்று தெரிந்தும் பார்ப்பார்கள், ஆசிரியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வதையிலிருந்து வருகிற தேனீயை மட்டும் அளந்துவிட்டு "எங்கள் தேனீ சிறியது" என்று முடிவு கட்டக்கூடாது. ஒவ்வொரு புழுவும் வளர்ந்து போகும்போது அறைக்குள் ஒரு மெல்லிய பட்டுறையை விட்டுவிட்டுப் போகும். அது படிந்து படிந்து அறை ஒடுங்கும், உள்ளே வளர்வதும் சிறுக்கும். பஞ்சத்தில் வளர்ந்த தேனீயும் சிறியதாகவே இருக்கும். அதனால் பூக்காலத்தில், புது வதையுள்ள பல கூடுகளிலிருந்து, பல இடங்களில் எடுக்கவேண்டும். வலிகாமத்துச் செம்மண், வடமராட்சிக் கரை, தென்மராட்சித் தென்னந்தோப்பு, நெடுந்தீவு, வன்னிக் காடு, ஒப்பிட்டுப் பார்க்கப் பண்டாரவளை. இங்கே திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு இது அளவான ஆய்வுத் தலைப்பு. பெட்டிக்கு ஒதுக்கிய காசில் ஒரு துளி போதும். இப்படி ஓர் அட்டவணை ஏற்கெனவே உங்கள் கோப்பில் இருந்தால் இன்னும் நல்லது, அதைத் திட்ட ஆவணத்தோடு இணைத்து வெளியே விடுங்கள், நாங்களும் பார்ப்போம்.

அளந்தபின் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று வந்தால்? சரி, வரட்டும். அப்போது மலைநாட்டுப் பெட்டி அளவைத் துணிந்து இங்கேயும் பயன்படுத்தலாம், என் வாயும் அடைபடும். வித்தியாசம் இருக்கிறது என்று வந்தால் எந்த அளவில் எத்தனை மில்லிமீற்றர் என்பது கையில் இருக்கும், எங்கள் ஊர்த் தச்சர் அதை வைத்தே சட்டம் அடிப்பார். எப்படி வந்தாலும் காசு வீணில்லை.

கூட்டங்களை ஏற்றி இறக்குவதில் உடலளவைத் தாண்டிய ஒரு பயமும் எனக்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்தே கொண்டுவந்தால் என்ன, அதுவும் சமவெளித் தேனீதானே, கடல் கடந்தால் கிட்டத்தானே என்று சிலர் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். தாய்லாந்துப் பைப்புழு நோய் என்ற வைரசு நோய் 1991, 92இல் தென்னிந்தியாவில் செரானாக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழித்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர்போன ஊர், அங்கே பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. புழு தோலுரிக்க முடியாமல் தண்ணீர்ப் பைபோல ஊதிச் சாகும். லொறியில் வந்தாலும் வள்ளத்தில் வந்தாலும் கூட்டத்தோடு நோயும் ஏறிவரும். இதற்குமேல் இதில் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் கூட்டத்துக்கு எங்கே போவது? இங்கேயே இருக்கிறது. பழைய வேம்பிலும் புளியிலும், விழுந்த வீடுகளின் சுவர் ஓட்டையிலும், பாவனையில்லாத தண்ணீர்த் தாங்கிகளிலும் இருக்கிறது. எந்த மரத்தில் எந்தப் பொந்தில் என்று சீவல் தொழிலாளர்களைக் கேளுங்கள், பனை உச்சியிலிருந்து ஊரையே பார்க்கிறவர்கள் அவர்கள். விறகு வெட்டுகிறவர்களுக்கும் தெரியும். இப்போது அவர்கள் பொந்தைக் கண்டால் புகை போட்டு வதையை அறுத்துத் தேனை எடுத்துவிட்டுக் கூட்டத்தை விட்டுவிடுகிறார்கள். கூட்டத்தை இராணியோடு பெட்டிக்கு மாற்றித் தந்தால் இவ்வளவு என்று ஒரு விலை வையுங்கள். லொறி வாடகை மிச்சம், காசும் ஊருக்குள்ளேயே சுழலும். மண்பானையைக் கவிழ்த்து மரத்தில் கட்டி, பிரிந்துவரும் கூட்டத்தைப் பிடிப்பது இந்தத் தீவில் பழைய வழக்கம், அதையும் பயிற்சியில் சேருங்கள். நல்ல கூட்டங்களைத் தெரிந்தெடுத்துப் பிரித்துப் பெருக்குவதற்கு ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் ஓரிருவரைப் பழக்கினாலே இரண்டு வருடத்தில் வெளியே கை நீட்டத் தேவை வராது.

மலைநாட்டுக் கூட்டம் வேண்டவே வேண்டாம் என்று நான் ஒரேயடியாகச் சொல்லவில்லை. நோயில்லை என்று பார்த்துச் சிலவற்றைக் கொண்டுவந்து, ஊர்க் கூட்டங்களோடு பக்கத்தில் பக்கத்தில் ஒரே வகைப் பெட்டியில் ஒரு வருடம் வைத்துப் பாருங்கள். சோளகத்தை எது தாண்டுகிறது, எது கிளம்பிப்போகிறது, எதில் எவ்வளவு தேன் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதைச் செய்யும் இடம் அரச பண்ணையாக இருக்கட்டும். வேறு வருமானம் இல்லாத ஒரு பெண்ணின் வளவில் அந்தப் பரிசோதனையைச் செய்துவிட்டுப் பிறகு அவரது பராமரிப்பைக் குறை சொல்லாதீர்கள்.

பெட்டி கொடுக்கும் காலத்தையும் பாருங்கள். நிதியாண்டு முடிகிறது என்று மார்கழியில், மழைக்குள், பூ இல்லாத நேரத்தில் கூட்டத்தைக் கையில் கொடுத்தால் அதற்குச் சீனிப்பாணி வைக்கத்தான் அந்தக் குடும்பம் செலவழிக்கவேண்டும். தை பிறந்தபின் கொடுங்கள். பெட்டியை ஊர்த் தச்சர்களிடமே செய்வியுங்கள். பலகை ஒரு தரம் குறைந்தாலும் பரவாயில்லை, இடைவெளி பிழைக்கக்கூடாது. விவசாயப் போதனாசிரியர்கள் கையில் ஆளுக்கொரு அளவுச் சட்டம் இருக்கட்டும், பெட்டியைப் பொறுப்பேற்கும்போது வைத்துப் பார்த்துப் பொருந்தாததைத் திருப்பி அனுப்பட்டும்.

விலைமனுவில் "தேனீப் பெட்டி, சட்டங்களுடன்" என்று ஒரு வரி எழுதுவீர்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் சட்ட இடைவெளி, சட்டத்தின் உள்ளளவு, இராணித் தகட்டின் துவாரம் மூன்றையும் மில்லிமீற்றரில் போடுங்கள். அந்த எண்கள் எந்தத் தேனீயை அளந்து வந்தவை என்பதையும் எழுதுங்கள். மாதிரி சேர்க்க ஆள் வேண்டுமானால் தென்மராட்சிப் பக்கத்தை நானும் என் மாணவர்களும் பொறுப்பெடுக்கிறோம். போத்தலும் மதுசாரமும் நீங்கள் தந்தால் போதும், ஸ்கேனர் எங்களிடம் இருக்கிறது. வேம்பு பூக்கிற மாதங்கள்தான் அதற்கு வசதி, அதற்கு முன்னர் ஒரு பதில் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தென்மராட்சியிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியர்